நடுங்கும் கிளட்ச்: பழைய கியர் கார் வைத்திருப்போருக்கான கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: ஐயா, என்னுடையது 1994ஆம் ஆண்டு புரோட்டோன் ஈஸ்வரா. முதல் கியரில் நகர்த்தும்போது கார் முழுவதும் உதறுகிறது. வேகமெடுத்துவிட்டால் உதறல் நின்றுவிடுகிறது. கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டும் என்கிறார் பொமன் (மெக்கானிக்). மாற்றிவிடலாமா?

மாற்றுவதற்கு முன், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள். கியர்பெட்டியை இறக்கிய பிறகு குற்றம் மவுண்டிங்கில்தான் என்று தெரிந்தால், கொடுத்த கூலி திரும்பி வராது. பானெட்டைத் திறந்துவைத்து, கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்தபடி ஒருவர் முதல் கியரில் கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை மெல்ல விடட்டும். நீங்கள் காருக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று எஞ்சினைக் கவனியுங்கள். ரிவர்ஸிலும் இதையே செய்யுங்கள். எஞ்சின் துள்ளி எழுந்தால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று கொள்ளலாம். உங்கள் காரில் கிளட்சை இழுப்பது கேபிள் என்பதால், எஞ்சின் ஆட ஆட அந்த இழுவையும் கூடிக் குறைகிறது. கிளட்ச் ஒரு கணம் பிடித்து மறுகணம் விட, அந்த ஆட்டமே உதறலை இன்னும் வளர்க்கிறது.

மவுண்டிங் நன்றாக இருந்தால், எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். கறுத்த எண்ணெய் என்றால் எஞ்சினின் கிராங்க் தண்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்சீலையும், கந்தக வாடை அடிக்கும் எண்ணெய் என்றால் கியர்பெட்டியின் முன்சீலையும் சந்தேகியுங்கள். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் நனைந்து, உதறல் திரும்பிவிடும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: பாலிக் பூலாவுக்கு மலைப்பாதையில் ஏறி இறங்கினால் மட்டும் என் கஞ்சில் கார் உதறுகிறது.

ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாதிருக்க அரைக் கிளட்சில் நிறுத்திவைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் கைப்பிரேக் இருக்கிறது. ஆறிய பிறகும் உதறினால், சூட்டில் பிளேட் வழவழத்திருக்கலாம். பிளேட் ஒட்டிப் பிடிக்கும் எஞ்சின் சக்கரமான பிளைவீலில் நீலத் திட்டுகளும் விழுந்திருக்கலாம்; அப்படியானால் பிளைவீலைக் கடைசலுக்கு அனுப்பிச் சமப்படுத்த வேண்டியிருக்கும்.

கிள்ளான் வாசகி: என் ஆட்டோ கியர் மைவியும் உதறுகிறது.

உங்கள் காரில் கிளட்ச் மிதியே இல்லை, அம்மா. ஆட்டோ கியர்பெட்டி பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கெப்போங் வாசகர்: என் புரோட்டோன் வீராவும் உதறுகிறது. பிளேட்டை மாற்றலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். மவுண்டிங்.

பட்டர்வொர்த் வாசகர் (ஓய்வுபெற்ற பொமன்): பிளைவீலைக் கடைசலுக்கு அனுப்பச் சொல்வதெல்லாம் பில்லை ஏற்றும் வேலை. நான் எமரித்தாளால் தேய்த்தே மாட்டியிருக்கிறேன். யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். மேற்பரப்பு வழவழத்திருப்பது மட்டுமே குறை என்றால் எமரித்தாள் போதும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் நீலத் திட்டு விழுந்த இடத்தில் இரும்பு கடினப்பட்டுவிடுகிறது, சுற்றியுள்ள இடம் தேய்ந்தாலும் அது மேடாகவே நிற்கிறது. கையால் தேய்க்கும்போது தாள் மேட்டோடு மேடாகவும் பள்ளத்தோடு பள்ளமாகவும் போகுமே தவிரச் சமப்படுத்தாது. திட்டு ஆழமாக இறங்கியிருந்தால் கடைசலும் உதவாது, பிளைவீலையே மாற்ற வேண்டும். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு உயர்ந்திருக்கும் பிளைவீலில் நடுப்பகுதியை மட்டும் கடைந்துவிட்டால் அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கும்; ஆகவே விளிம்பையும் அதே அளவு கடைய வேண்டும். கடைசல் வீண்வேலை என்ற பெயர் வந்ததற்கு, இந்த அளவைப் பாராமல் கடைந்த பட்டறைகளே காரணம்.

பட்டர்வொர்த் வாசகர்: அந்த விளிம்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்ப மாட்டேன்.

சரி, அண்ணே. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பழைய பிளேட்டின் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: எல்லாம் புதிதாக மாற்றியும் லேசாக உதறுகிறது.

புதுப் பிளேட் படிய நகர ஓட்டத்தில் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை கெந்திங் மலைப்பக்கம் போகாதீர்கள். புதுப் பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிவரும் எண்ணெயைத் துடைத்துவிட்டு மாட்டினாரா என்றும் பொமனிடம் கேளுங்கள். மவுண்டிங்கைப் பார்த்தீர்களா?