கனடா பிரஜாவுரிமை எடுத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடுமா?

தங்கச்சி, கனடா இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்கிறது, அதனால் ஹட்டனில் பிறந்த உங்களுக்குப் பயமில்லை என்று உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் சரி. இலங்கையும் ஏற்க வேண்டுமே! இங்குள்ள சட்டப்படி, நீங்களே விரும்பி வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தால் இலங்கையுடையது தானாகவே போய்விடும். கடவுச்சீட்டில் இன்னும் காலம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

கனடாவில் சத்தியப்பிரமாணம் செய்வதற்கு முன்பே, இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். பிந்திவிட்டால் மீளப் பெறவும் வழி உண்டு. இரண்டையும் கவனிப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். (மலையகத் தமிழரான நம் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கிய அதே 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் இதற்கும்!)

முதலில் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் பதிந்த பத்திரங்களில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருப்பது நமக்குப் புதிதில்லை. ‘முத்தையா’ ஓரிடத்தில் ‘முத்தய்யா’ என்றிருந்தால் பிரதேச செயலகத்தில் இப்போதே திருத்தக் கொடுங்கள். விண்ணப்பம் இழுபடுவது பெரும்பாலும் இந்தப் பெயர் வித்தியாசத்தில்தான்.

அப்புறம், திருச்சியில் இருக்கும் அண்ணாவுக்கு இந்த வழி சரிவராது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. அவர் இந்தியாவுடையது, இலங்கையுடையது இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும்.