1 விழுந்தால் வாள் நழுவும் விதி: உங்கள் ஃபைட்டரின் கோபம் நியாயம்தான்

வணக்கம். டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், தாக்கும்போது பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் கைநழுவும் என்று சொந்த விதி சேர்த்திருக்கிறீர்கள். இப்போது ஃபைட்டராக, அதாவது ஆயுதம் ஏந்திச் சண்டை போடும் வீரராக, ஆடும் நண்பர் இனி வரமாட்டேன் என்கிறார். மூல விதியில் 1 என்றால் அடி தவறும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 20 முகப் பகடையில் 1 விழ வாய்ப்பு 5 சதவீதம். 5ஆம் லெவலில் ஃபைட்டர் ஒரு சுற்றில் இரண்டு தடவை அடிக்கலாம். ஒரு சுற்றில் வாள் நழுவும் வாய்ப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிறது. 11ஆம் லெவலில் மூன்று அடி, 14 சதவீதம். கை தேறத் தேற வாளை அதிகமாகக் கீழே போடுகிறார்! மந்திரவாதியான விஸார்டோ ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரத்தை வீசும்போது அந்தப் பகடையைத் தொடுவதே இல்லை. தப்பிக்க உருட்டுவது எதிரிதான்.

விதியை விட மனசில்லை என்றால், சுற்றின் முதல் அடிக்கு மட்டும் வையுங்கள். எந்த லெவலிலும் 5 சதவீதத்தில் நிற்கும். விஸார்டுக்கும் பங்கு வேண்டும்: எதிரி 20 போட்டுத் தப்பினால் மந்திரம் கொஞ்சம் திரும்பி அடிக்கட்டும். ஆனால் ஒரே ஒரு எதிரியின் உருட்டை மட்டும் பாருங்கள். மந்திரத்தில் பத்து எதிரிகள் சிக்கி, பத்துப் பேரின் உருட்டையும் எண்ணினால் 40 சதவீதமாகிவிடும்.

அப்புறம், என்ன தவறியது என்பதை ஆடுபவரையே சொல்லச் சொல்லுங்கள். என் மேசையில் ஒருவர், கோடரி தூணில் பாய்ந்து மாட்டிக்கொண்டது என்றார். அடுத்த சுற்று முழுக்க, காலைத் தூணில் ஊன்றி அதைப் பிடுங்கினார். எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்பே நண்பரைக் கூப்பிட்டு மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள்.