டிரெய்லர்ல பாத்ரூம் வேணுமா வேணாமா, 26,000 வெள்ளி கேள்வி

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்க பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான்ல (குடியிருப்புல) இருக்கோம். வீட்டுக்காரர் செம்பனை ஆலையில ஃபிட்டர், நான் தாடிகா (பாலர் பள்ளி) டீச்சர், ரெண்டு பேருக்கும் சேர்த்து கைக்கு 6,400 வெள்ளி வருது, வீட்டுக் கடன் காடி (வண்டி) கடன் எல்லாம் சேர்த்து 5,500 செலவு, 900 மிஞ்சும். மூணு பிள்ளைங்க, மூத்தவளுக்கு 13 வயசு, மாமியாருக்கு 68, முட்டி வலி. வருஷத்துக்கு மூணு தடவ லூமுட், கேமரன்னு போறோம், போனா ரெண்டு ராத்திரி. ஹோம்ஸ்டேக்கே காசு கரையுது, அதான் பிக்கப்புக்குப் பின்னாடி மாட்டுற கேம்பிங் டிரெய்லர் வாங்கலாம்னு இருக்கோம். பாத்ரூம் இல்லாதது 32,000, பாத்ரூம் உள்ளது 58,000 சொல்றாங்க. அமானா சஹாம் மலேசியா யூனிட் டிரஸ்ட்ல 22,000 இருக்கு, கூட்டு (சீட்டு) பணம் 6,000 வரணும், அவரோட இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஃபிளெக்சிபல் கணக்குல 8,000 இருக்கு. பாத்ரூமுக்காக கூட ஆகுற 26,000த்த கூட்டுறவுல கடன் எடுக்கலாம், 5 பர்சன்ட் ஃபிளாட், 5 வருஷம். அவரு பாத்ரூம் வேணாங்கிறாரு, நான் வேணுங்கிறேன். யாரு சொல்றது சரி?

பதில்: தங்கச்சி, பாத்ரூம் விஷயத்துல உங்க வீட்டுக்காரர் சொல்றது சரி, ஆனா நீங்க எதுக்காக பாத்ரூம் கேக்குறீங்களோ அந்தக் காரணமும் சரி, அத அவரு சும்மா தள்ளிவிடக் கூடாது. முட்டி வலியோட ஒரு அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரப் புல்லுல நடந்து பொது டாய்லெட்டுக்குப் போறதும், 13 வயசுப் பொண்ணு தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குள்ள குளிக்கிறதும் சின்ன விஷயம் இல்ல. அதுக்கு வழி பண்ணாம டிரெய்லர் வாங்கினா ரெண்டு தடவ போவீங்க, மூணாவது தடவ மாமியார் நான் வீட்டுலயே இருக்கேன்னுடுவாங்க, அப்புறம் டிரெய்லர் போர்ச்சுல நின்னு வெயில்லயும் மழையிலயும் காயும்.

முதல்ல அந்த 26,000த்தப் பாப்போம். 5 பர்சன்ட் ஃபிளாட்னா கேக்க கம்மியா இருக்கும், ஆனா ஃபிளாட்ல வட்டி எப்பவும் முழு 26,000த்துக்கும்தான், நீங்க பாதி கட்டி முடிச்சப்புறமும் அதே வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். வருஷம் 1,300, அஞ்சு வருஷம் 6,500, ஆக மொத்தம் 32,500, மாசம் 542 வெள்ளி. உண்மையான வட்டி கிட்டத்தட்ட 9 பர்சன்ட்டத் தாண்டுது. அதாவது ஒரு பாத்ரூமுக்கு நீங்க குடுக்கிற விலை, பாத்ரூம் இல்லாத முழு டிரெய்லரோட விலையவே தாண்டிடுது. மாசம் மிஞ்சுற 900ல 542 போச்சுன்னா மீதி 358, அதுல பிள்ளைக்கு ஜுரம், பிக்கப்புக்கு டயர்னு எது வந்தாலும் கையக் கடிக்கும்.

சரி, அந்த பாத்ரூம் நமக்கு எவ்வளவு உழைக்கும்? இதுதான் கடைக்காரங்க யாரும் சொல்லாத விஷயம். டிரெய்லர் டாய்லெட்டுல பெரும்பாலும் கழிவு சேர்ற, கழட்டி எடுக்கிற ஒரு கேசட் டப்பா இருக்கும், 20 லிட்டர் சுமாருக்குப் பிடிக்கும். அது பேப்பர்ல துடைக்கிறவங்களுக்காகச் செஞ்சது. நாம தண்ணில கழுவுறவங்க. ஒரு தடவைக்கு கழுவுறதும் ஃபிளஷ் பண்றதும் சேர்த்து ரெண்டு லிட்டர்னு வச்சா, ஆறு பேரு ஒரு நாளைக்கு ரெண்டு தடவன்னாலே 24 லிட்டர், ஒரு நாளுக்குள்ளயே ரொம்பிடும். அத யாரு தூக்கிட்டுப் போயி எங்க கொட்டுறது? நம்ம ஊரு கேம்ப் சைட்டுல அதுக்குன்னு கொட்டுற இடம் கிடைக்கிறது அபூர்வம், கடைசில எந்தப் பொது டாய்லெட்டுக்குப் போகக் கூடாதுன்னு இவ்வளவு செலவு பண்ணீங்களோ அதுக்கே டப்பாவத் தூக்கிட்டுப் போகணும். குளிக்கிறதுக்கும் அதே கத. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, 80 லிட்டர் டேங்க் ரொப்பினா 80 கிலோ, கேமரன் மேட்டுல அதையும் சேர்த்துத்தான் பிக்கப் இழுக்கணும், பிள்ளைங்க மூணும் தலைக்கு ஊத்தினா சாயங்காலமே டேங்க் காலி.

அதோட ஈரம். கோல கங்சார் பக்கம் ஒரு தோட்டத்துல எனக்குத் தெரிஞ்சவரு பாத்ரூம் வச்ச டிரெய்லர் ஒன்ன ரம்புத்தான் மரத்தடியில நிறுத்தி வச்சிருந்தாரு, போன வருஷம் விக்கிறதுக்கு முன்னாடி வந்து பாருங்கன்னாரு, போனேன். வெளிய பாத்தா புதுசு மாதிரி. பாத்ரூம் கதவத் திறந்ததும் நனஞ்ச கோணிச் சாக்கு வாட. ஷவருக்குக் கீழ சுவத்துல கட்டைவிரல வச்சி லேசா அழுத்தினேன், ஊறிப்போன ரொட்டி மாதிரி உள்ள போச்சு, விரல எடுத்தப்புறமும் பள்ளம் அப்படியே இருந்துச்சு. குழா மூட்டுல எப்பவோ கசிஞ்ச தண்ணி உள்பலகைய முழுசா தின்னுருக்கு. மனுஷன் நெனச்ச விலைல பாதிக்குத்தான் தள்ளிவிட்டாரு. நம்ம ஊரு புழுக்கத்துல பாத்ரூம் இல்லாத டிரெய்லருக்கே பூஞ்ச புடிக்கும், பாத்ரூம் இருந்தா கேக்கவே வேணாம்.

அப்ப மாமியாருக்கு என்ன வழி? தனியா தூக்கிட்டுப் போற போர்ட்டபிள் டாய்லெட் ஒன்னு, அதச் சுத்தி நிக்க வைக்கிற சின்னத் துணிக் கூடாரம் ஒன்னு, ரெண்டும் சேர்த்து சில நூறு வெள்ளியில முடியும். ராத்திரி ஒன்னுக்குப் போக மட்டும்னு வீட்டுல கண்டிப்பா சொல்லிடுங்க, அப்படி வச்சிக்கிட்டா ரெண்டு ராத்திரிக்குத் தாங்கும். மத்ததுக்குப் பகல்ல கேம்ப் சைட் டாய்லெட். அவங்களுக்குக் குந்துறது முடியாதுன்னா உக்கார்ற கக்கூசு இருக்கான்னு புக் பண்ணும்போதே கேளுங்க, தாழ்ப்பாள், விளக்கு, எத்தன அடி நடக்கணும் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, வெக்கப்பட வேணாம், காசு குடுக்கிறது நாம. அதே கூடாரத்துல ஒரு வாளி தண்ணியும் சொம்பும் வச்சா பொண்ணு நிம்மதியா குளிச்சிடுவா.

இப்ப இன்னொரு கேள்வி, நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லியே ஆகணும். பாத்ரூம் இல்லாததையாவது இப்ப வாங்கணுமா? நீங்க வருஷத்துக்கு ஆறு ராத்திரி வெளிய தங்குறீங்க. 32,000த்துக்கு வாங்கி எட்டு வருஷம் கழிச்சி 12,000த்துக்கு வித்தீங்கன்னு வைங்க, 20,000 கரைஞ்சிருக்கும், வருஷம் 2,500. இன்சூரன்ஸ், டயர், பேரிங், ரப்பர் சீல்னு வருஷம் 900 போட்டுக்குங்க, மொத்தம் 3,400. ஆறு ராத்திரியால வகுத்தா ஒரு ராத்திரிக்கு 567 வெள்ளி, அதுல கேம்ப் சைட் வாடக கூட சேரல. நீங்க தங்குற ஹோம்ஸ்டே 250ன்னு வச்சா, வருஷத்துக்கு 14 ராத்திரியாவது போனாத்தான் டிரெய்லர் கட்டுப்படியாகும். பாத்ரூம் வச்சதுன்னா இதே மாதிரி கணக்குல 20 ராத்திரிக்கு மேலயே ஆகும். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல அத்தன ராத்திரி எங்கேருந்து வரும்?

கையில இருக்கிற பணத்தப் பத்தியும் சொல்லிடுறேன். இபிஎஃப் ஃபிளெக்சிபல்ல இருக்கிற 8,000த்தத் தொடாதீங்க. 2024 மே மாசத்துலேருந்து அந்தக் கணக்கு வந்தப்போ எப்ப வேணா எடுக்கலாம்னு எல்லாருக்கும் கை அரிச்சது, ஆனா அதுக்கும் மத்த கணக்கு மாதிரியே டிவிடெண்ட் உண்டு, 2024க்கு 6.30 பர்சன்ட் குடுத்தாங்க. 5.5ன்னு கம்மியா போட்டாலும் 15 வருஷத்துல அந்த 8,000 கிட்டத்தட்ட 17,900 ஆகும். கூட்டுப் பணம் 6,000 வந்ததும் நேரா சேமிப்புல போடுங்க, அடுத்த கூட்டுல சேராதீங்க, கூட்டு நடத்துற தொழிலத் தடுக்க 1971லயே சட்டம் போட்டாச்சு, சீட்டு புடிக்கிறவங்க ஓடிட்டா கைய விரிச்சிட்டு நிக்கணும். 22,000மும் 6,000மும் சேர்ந்தா 28,000, உங்க செலவுக்கு அஞ்சு மாசம் தாங்கும். ஆலையில ஓவர்டைம் குறைஞ்சாலோ மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் வந்தாலோ அந்தக் காசுதான் நிக்கும், அத டிரெய்லருக்குக் குடுத்திடாதீங்க.

டிரெய்லருக்குன்னு தனியா ஒரு கணக்கு தொறந்து மாசம் 600 போடுங்க, 30 மாசத்துல 18,000. அதுல பாத்ரூம் இல்லாத செகண்ட் ஹேண்ட் தாராளமா தேடலாம். மெதுவா இருக்கேன்னு தோணும். மஇகா தலைவரா இருந்த துன் சம்பந்தன் உங்க ஊர்க்காரருதான், அவரு 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்போ எங்க தாத்தா மாதிரி பால்மரம் சீவினவங்க மாசம் 10 வெள்ளியா கட்டித்தான் பங்கு வாங்கினாங்க, அந்தக் காசுல தோட்டமே வாங்கினாங்க. அவங்க சம்பளத்துல 10 வெள்ளி கட்டுறது நமக்கு 600 கட்டுறதவிட கஷ்டம், தாத்தா அந்தப் பங்குத் தாள மைலோ டின்னுக்குள்ள மடிச்சி வச்சிருந்தத நான் தொட்டுப் பாத்திருக்கேன்.

அதுக்கு நடுவுல வர்ற ரெண்டு லீவுக்கும் பாத்ரூம் இல்லாத டிரெய்லர் ஒன்ன வாடகைக்கு எடுங்க, கூடவே போர்ட்டபிள் டாய்லெட் ஒன்ன இரவலாவோ வாடகைக்கோ கொண்டு போங்க. முதல் தடவ லூமுட் மாதிரி சமதரையில போங்க, கேமரன் மேடு அப்புறம் பாத்துக்கலாம். வாங்குற நேரம் வந்தா அந்த டிரெய்லரோட பேப்பர எடுத்துக்கிட்டு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுன்டர்ல ரெஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் ரெண்டையும் நேர்ல கேட்டுட்டு அப்புறம்தான் டெபாசிட், விக்கிறவரு வாய்ப்பேச்சு போதாது. பிக்கப் எத்தன கிலோ இழுக்கும்னு காடி புத்தகத்துலயே போட்டிருக்கும், ஆளுங்க எடையையும் சாமானையும் சேர்த்து வீட்டுக்காரரப் பாக்கச் சொல்லுங்க.

போற ரெண்டு தடவையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க: மாமியார் ராத்திரி எத்தன தடவ எழுந்தாங்க, அந்தக் கூடாரத்துக்குப் போனாங்களா இல்ல சங்கடப்பட்டு அடக்கிக்கிட்டாங்களா, பொண்ணு என்ன சொன்னா. போனாங்கன்னா உங்க சண்ட முடிஞ்சிது. அடக்கிக்கிட்டாங்கன்னா டிரெய்லரே வேணாம், அந்த 600ல வருஷத்துக்கு மூணு தடவ நல்ல ஹோம்ஸ்டேயாவே பாத்துக்கலாம். நோட்டுல என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க மா.