வயிற்றுப்புண் கிருமியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. மகளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை, பி.எஸ்சி. மைக்ரோபயாலஜிதான் வேண்டும், வயிற்றுப்புண் கிருமியின் ஜீனை ஆராயப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இதற்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் சொல்வது ஹெலிகோபாக்டர் பைலோரியாகத்தான் இருக்கும். வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும் காரணம் என்று டாக்டர்களே நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அதைக் குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல். இவர்கள் மருத்துவர்கள்தான். ஆனால் 1997-இல் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியான பிறகு, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் இங்கே நிறைய வேலை வந்துவிட்டது.

ஏனென்றால் இந்தக் கிருமி வயிற்றில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குப் புண், மிகச் சிலருக்குப் புற்றுநோய். வித்தியாசத்துக்கு ஒரு காரணம் கிருமியின் ஜீன்கள். காக்-ஏ ஜீன் உள்ள வகை, ஊசி போடுவதுபோல ஒரு புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்தி அதன் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடும். வாக்-ஏ ஜீன் ஏறக்குறைய எல்லா வகையிலும் உண்டு. அதன் அமைப்பு மாறினால் நச்சின் வீரியமும் மாறும். நம் நாட்டில் இந்தக் கிருமி பரவலாக இருக்கிறது, காக்-ஏ உள்ள வகையும் அதிகம். ஆனாலும் ஜப்பான், கொரியா அளவுக்கு இங்கே இரைப்பைப் புற்றுநோய் இல்லை. அங்குள்ள காக்-ஏ புரதத்தின் அமைப்பு வேறு என்பது ஒரு விளக்கம். உணவு, உப்பு, புகை, மனிதரின் மரபு என்று வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. முழு விடை இன்னும் இல்லை. ஆகவே உங்கள் மகள் கேட்பது சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி இல்லை.

சரி, சம்பளத்துக்கு வருவோம். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கஷ்டம். மருந்து, உணவுக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைக்கலாம், ஆரம்பச் சம்பளம் உங்களுக்குத் திருப்தி தராது. மருத்துவமனை லேப்களில் எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படித்தவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள். எனவே எம்.எஸ்சி.யையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அதற்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம், பயோடெக்னாலஜிக்கான காட்-பி போன்ற நுழைவுத் தேர்வுகளை இரண்டாம் ஆண்டிலேயே அவள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், பி.எச்டி. படிக்கும்போதே முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ‘எப்போ சம்பாதிப்பா?’ என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லலாம். ஆனால் போட்டி கடுமை, எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

பி.டெக். பயோடெக்னாலஜி என்றால் இன்ஜினியரிங் என்ற பெயராவது இருக்குமே என்கிறீர்கள். அந்தப் பாடத்திட்டத்தில் உற்பத்தி முறைகளுக்கு இடம் அதிகம், நோய்க்கிருமிகளுக்குக் குறைவு. பெயருக்காக அதில் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நோயாளிகளின் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டால், சீக்கிரம் சம்பாதிக்கவும் வேண்டுமென்றால், எம்.எல்.டி.யைத் தயங்காமல் பாருங்கள். எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுவை அந்த லேப்களில்தான் பரிசோதிக்கிறார்கள்.

எது பிடிக்கும் என்பதைச் செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்.சி.பி.ஐ.யின் இணையதளத்தில் இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதி இலவசமாகக் கிடைக்கிறது. 26695 என்ற வகையில் காக்-ஏ எங்கே இருக்கிறது என்று மகள் தேடட்டும். அங்கேயே உள்ள, மரபணு வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் என்ற கருவியில் மற்ற நாட்டு வகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முதலில் தலைகால் புரியாது. அப்படியும் விடாமல் நோண்டிக்கொண்டிருந்தால் ஆராய்ச்சிக்கு ஏற்ற பிள்ளைதான். அலுத்துப்போனால் உடனே துறையை மாற்றச் சொல்லாதீர்கள். கணினித் திரைக்கு முன் உட்காரப் பிடிக்காதவர்களில் ஆய்வகத்தில் கைத்திறன் காட்டுபவர்கள் நிறைய.

கல்லூரி பார்க்கப் போனால், கட்டடத்தைவிட மூன்றாம் ஆண்டு மாணவிகளைக் கவனியுங்கள். மரபணுத் துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். மெஷினைத் தன் கையால் இயக்கியிருக்கிறாளா என்று ஒருத்தியிடம் கேளுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் மெஷினைத் திறந்து காட்டும் கல்லூரிகளும் இருக்கின்றன.

கிருமியோடு பழகினால் பிள்ளைக்கே தொற்றிவிடாதா என்ற உங்கள் பயம் நியாயமானது. பாதுகாப்பு முறைகளை ஆரம்பத்திலேயே கற்றுக்கொடுப்பார்கள். கையுறை, கைகழுவுதல், லேபுக்குள் எதையும் சாப்பிடாதிருத்தல் ஆகியவற்றில் அலட்சியம் கூடாது. மேலும் பைலோரியை வளர்ப்பது சுலபமில்லை. ஆக்சிஜன் குறைந்த சூழல் வேண்டும், வளர நாட்கள் பிடிக்கும். இளநிலையில் அவள் கைக்கு வருவது பெரும்பாலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் சாதுவான வகைகள்தான். சேர்ந்த பிறகு ஏமாற்றமாக இருக்கக்கூடாது. இதையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.