அனிமே விண்கப்பலுக்கு முதலில் கோடுகளைக் குறையுங்கள்

கேள்வி: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நான்கு நிமிடக் குறும்படம் ஒன்று செய்கிறேன். கதை முழுக்க ஒரு விண்கப்பலில் நடக்கிறது. எழுபது, எண்பதுகளின் ஜப்பானிய அனிமே தோற்றம் வேண்டும் என்று குழாய், ஆன்டெனா, தகடு என நிறைய விவரம் சேர்த்தேன், கையால் வரைந்ததுபோல நிழலைத் தட்டையாகக் காட்டும் செல் ஷேடிங்கும் போட்டேன். ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லாரும் ‘ஸ்டார் வார்ஸ் மாதிரி இருக்கிறதே’ என்கிறார்கள். எங்கே பிசகுகிறது?

பதில்: அந்த ‘நிறைய விவரம்’தான் பிசகு. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸின் கப்பல்கள் கையால் செய்த மாடல்கள். கடையில் விற்கும் டாங்கி, விமான பிளாஸ்டிக் கிட்டுகளைப் பிரித்து, அந்தத் துண்டுகளை ஒட்டிப் பரப்பை நிறைத்தார்கள். ஒருமுறை ஒட்டிவிட்டால் கேமரா எத்தனை ஃபிரேம் எடுத்தாலும் கூடுதல் வேலை கிடையாது.

ஒவ்வொரு படத்தையும் கையால் வரையும் செல் அனிமேஷனில் அப்படி முடியாது. கப்பல் திரும்பினால் அதன் ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு படத்திலும் திரும்ப வரைய வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 8 படம். ஐந்து நொடி திரும்பும் காட்சிக்கு 40 படம். கப்பலில் 300 கோடு இருந்தால் 12,000 கோடு வரைய வேண்டும். 80 கோடு என்றால் 3,200. வாரம் ஒரு அத்தியாயம் போகிற தொடரில் இந்தக் கணக்குதான் வடிவத்தைத் தீர்மானித்தது. பரப்பில் வைக்க முடியாததை எல்லாம் ஜப்பானியர்கள் வெளிக்கோட்டில் வைத்தார்கள். கறுப்பாக நிரப்பிக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினாலும் எந்தக் கப்பல் என்று தெரிய வேண்டும்.

அந்த வெளிக்கோட்டைப் பெரும்பாலும் கடலிலிருந்து எடுத்தார்கள். 1974 அக்டோபரில் தொடங்கிய ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’வைப் பாருங்கள். 1945 ஏப்ரல் 7 அன்று மூழ்கிய நிஜ யமாட்டோ, ஜப்பானியக் கடற்படையின் போர்க்கப்பல், 263 மீட்டர். அனிமே கப்பல் 265.8 மீட்டர். மூன்று மூன்று குழலாக 46 செ.மீ. பீரங்கிக் கோபுரங்கள், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, அப்படியே இருக்கின்றன. கோபுரம் போன்ற மேல்தளமும் அதன் உச்சியில் இரு பக்கமும் கை நீட்டும் தூரமானியும் (இலக்கின் தூரத்தை அளக்கும் கருவி) அப்படியே. மாறியவை சில உறுப்புகள்தான். அணியத்தில் (கப்பலின் முன்முனையில்), பேரரசின் சாமந்திப் பூச்சின்னம் இருந்த இடத்தில், அலைவிசைப் பீரங்கியின் வாய் திறக்கிறது. புகைபோக்கி ஏவுகணைக் கூடாகிவிட்டது. கடையாலில் (பின்முனையில்) புரொப்பெல்லருக்குப் பதில் பெரிய எஞ்சின் வாய். ஆக, பழைய உறுப்பு இருந்த இடத்திலேயே புது வேலை ஏறியிருக்கிறது.

அந்தக் கப்பலில் நிறத்தைக் கவனியுங்கள். மேலே சாம்பல், கீழே செங்காவி. பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கக் கப்பலின் அடியில் பூசுகிற பெயின்ட் அது. விண்வெளியில் நீர்மட்டம் ஏது, பாசி ஏது? தேவையே இல்லைதான். ஆனால் கப்பல் எந்தப் பக்கம் கவிழ்ந்து பறந்தாலும் எது மேல், எது கீழ் என்று கண்ணுக்கு ஒரு கணத்தில் தெரிந்துவிடுகிறது. நூறு தகடு ஒட்டியும் கிடைக்காத தெளிவை இந்த ஒரு நிறப் பிரிவு கொடுக்கிறது. அணியத்தின் கீழே புடைத்திருக்கும் குமிழும் அப்படித்தான்; அலையால் வரும் தடையைக் குறைக்க வைத்தது, அலையில்லாத இடத்திலும் நிற்கிறது.

பிறகு வந்தவையும் இந்த வழியில்தான் போயின. 1978இல் வந்த கேப்டன் ஹார்லாக்கின் ஆர்க்கேடியாவுக்குப் பின்பக்கம் பழைய பாய்மரக் கப்பலின் மாளிகை போன்ற உயர்ந்த பின்கட்டு. 1982இல் தொடங்கிய மேக்ராஸில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலும் ஒரு தரையிறங்கு கப்பலும் விண்கப்பலின் இரண்டு கைகளாகவே பொருத்தப்பட்டன. 1998இன் கவ்பாய் பீபாப் கப்பல் ஒரு மாற்றியமைத்த மீன்பிடிக் கப்பல். 1979இன் ‘கண்டம்’ (Gundam) தொடரின் வெள்ளைக் கப்பல் மட்டும் கொஞ்சம் விலகி நான்கு கால் விலங்குபோல நிற்கிறது. எதிரிகள் அதை ‘மரக்குதிரை’ என்றே அழைக்கிறார்கள். அதுவும் வெளிக்கோட்டின் வெற்றிதான்.

இனி உங்கள் கப்பல். யமாட்டோவைத் திரும்பச் செய்ய வேண்டாம். போர்க்கப்பல் வாசனை அலுத்துவிட்டது. வேலைக் கப்பல் ஒன்றைப் பிடியுங்கள்: இழுவைக் கப்பல், மண் வாரும் கப்பல், பனியுடைப்புக் கப்பல். பனியுடைப்பியை எடுத்துக்கொள்வோம். பனி மேல் ஏறி அமுக்கக் கரண்டி போல வளைந்த அணியம், உயர்ந்த பாலம் (கப்பலைச் செலுத்தும் அறை), முன்தளத்தில் கிரேன், பின்னால் ஹெலிகாப்டர் தளம். அணியம் விண்குப்பையைத் தள்ளும் கவசம் ஆகட்டும். கிரேன் சரக்குப் பிடிக்கும் கை. ஹெலிகாப்டர் தளம் சிறுகலம் இறங்கும் இடம். அண்டார்க்டிக் போகும் ஜப்பானியப் பனியுடைப்புக் கப்பல்களின் ஆரஞ்சு மேனியையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று உறுப்புக்கு மேல் மாற்றாதீர்கள். நான்காவதை மாற்றும்போது மூலக்கப்பல் மறையத் தொடங்கும்.

மாடலிங்குக்கு முன்பே அளவை முடிவு செய்யுங்கள். 200 மீட்டர் கப்பலைப் பிளெண்டரில் 10 யூனிட்டாகச் செய்தால் 1 யூனிட் 20 மீட்டர். 3 மீட்டர் உயரத் தளம் 0.15 யூனிட். பாலத்தின் ஜன்னல் அதற்குள் அடங்க வேண்டும். ஜன்னலைப் பெரிதாகப் போட்டால் கப்பல் உடனே பொம்மை ஆகிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 2012இல் வரத் தொடங்கிய மறு ஆக்கத்தில் யமாட்டோவே 333 மீட்டராக நீண்டது.

பிறகு கோட்டுக் கணக்கு. தூரக் காட்சிக்கு 30, நடுத்தரத்துக்கு 80 என்று எல்லை வையுங்கள். கப்பல் திரும்பாமல், திரைச் சட்டத்தின் குறுக்கே வெறுமனே நகரும் நெருக்கக் காட்சிக்கு 200 வரை போகலாம். பழைய ஸ்டூடியோக்களும் அப்படித்தான் செய்தன. ஒரே படத்தை நுணுக்கமாக வரைந்து கேமராவின் கீழே நகர்த்தினால் போதும். ஆகவே ஒரே மாடலுக்கு மூன்று பதிப்பு வேண்டும்.

வெளிக்கோட்டுக்கு, பரப்புக்குத் தடிமன் தரும் சாலிடிஃபை மாடிஃபையரில் நார்மலை (பரப்பு பார்க்கும் திசையை) திருப்பி, கறுப்பு மெட்டீரியல் கொடுத்து, பின்முகங்களை மறைக்கும் பேக்ஃபேஸ் கல்லிங்கை இயக்கும் பழைய முறையே போதும். மேலே சொன்ன அளவுக் கப்பலுக்குத் தடிமன் 0.01 முதல் 0.02. தூரம் போகும்போது கோடு மெலிந்து காணாமல் போகும். தடிமனைக் கேமரா தூரத்தோடு டிரைவர் (ஒரு மதிப்பை இன்னொன்றால் இயக்கும் வசதி) வைத்து இணையுங்கள். நிழலுக்கு மெட்டீரியலில் ஷேடர் டு ஆர்ஜிபி நோடு, அடுத்து கலர் ராம்ப் நோடு. ராம்பைக் கான்ஸ்டன்டில் வைத்து இரண்டே படி. நிழல் நிறம் வெறும் சாம்பலாக வேண்டாம், நீலம் கலக்கட்டும். மொத்த அடிப்படை நிறம் ஐந்தைத் தாண்ட வேண்டாம். தட்டையான பக்கத்தில் நிழல் முக்கோணம் முக்கோணமாக உடைந்தால் தவறு ஒளியில் இல்லை, நார்மலில் இருக்கிறது. வெய்ட்டட் நார்மல் மாடிஃபையர் போடுங்கள். சரியாகாவிட்டால் வழவழப்பான எளிய மேலுறை ஒன்று செய்து, அதன் நார்மலை டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையரால் கப்பலுக்கு மாற்றுங்கள்.

முன்னாலிருந்து எடுக்கும் காட்சியில் எல்லாம் சரியாக இருந்தும் கப்பல் சப்பென்று இருக்கும். கையால் வரைந்தவர்கள் அணியத்தை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கி, கடையாலைச் சுருக்கினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து மாடல் செய்தால் பக்கவாட்டு அளவோடு ஒத்துவராது, ஒத்துவரவும் தேவையில்லை. லென்ஸை 20 மி.மீ. பக்கம் வையுங்கள், கூடவே நீளவாக்கில் 8 பிரிவுள்ள லாட்டிஸ் (மாடலை உருமாற்றும் கூண்டு) போட்டு, முன் இரண்டு வளையத்தை 1.3 மடங்கு பெரிதாக்குங்கள். காட்சிக்கு ஒரு ஷேப் கீ (சேமித்துவைக்கும் வடிவம்). ஒரே லாட்டிஸை எல்லாக் காட்சிக்கும் விட்டுவைத்தால் பக்கவாட்டில் கப்பல் வீங்கிப்போயிருக்கும்.

கடைசியாக அசைவு. கப்பலின் எஃப்-கர்வில் (அசைவைக் காட்டும் வளைகோட்டில்) ஸ்டெப்டு மாடிஃபையரை 3 என்று வைத்தால் அந்தப் பழைய நொடிக்கு 8 படம் கிடைக்கும். ஆனால் கேமரா கப்பலோடு சேர்ந்து ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓடினால் கப்பல் சட்டத்துக்குள் நடுங்கும். அந்தக் காட்சிகளில் கேமராவுக்கும் அதே 3ஐ, அதே தொடக்க ஃபிரேமில் கொடுங்கள். நட்சத்திரப் பின்னணியும் சேர்ந்து துள்ளி உறுத்தினால், கேமராவை நிறுத்திவைத்துப் பின்னணியை மட்டும் ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்த்துங்கள்.