தாத்தாவின் முதல் மனைவி

வணக்கம்.

தாத்தா காலமான பிறகு அவருடைய பழைய ஆல்பங்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். கூடவே ஐந்து தலைமுறைக்கு வம்சாவளியும் எழுதிவிட்டேன். விட்டுப்போன சொந்தங்கள் யாராவது கண்ணில் படட்டும் என்று இரண்டையும் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட ஆசை. ஆனால் பாதிப் படங்களில் இருப்பது யாரென்றே தெரியவில்லை. அப்புறம் இன்னொரு சிக்கல். பாட்டிக்கு முன்னால் தாத்தாவுக்கு ஒரு மனைவி இருந்திருக்கிறார். குழந்தை பிறக்கும் முன்பே இறந்துவிட்டாராம். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. “அந்தப் படத்தைப் போடாதே, வம்சாவளியிலும் அந்தப் பெயர் வேண்டாம்” என்கிறார் பெரியப்பா. நடந்ததை மறைக்கலாமா? தம்பி வேறு, ஆல்பங்களைப் பிரித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறான்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெரியப்பா ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறார். படத்தைப் பொதுவில் போடாதே என்பது ஒன்று. பெயரையே எடுத்துவிடு என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை ஊருக்கெல்லாம் சொல்லாமல் இருப்பதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தாத்தாவின் மனைவி என்ற இடத்தில் பாட்டியின் பெயரை மட்டும் எழுதி முடித்தால், அது பொய்த்தகவல். வம்சாவளித் தளங்களில் தவறுகள் பரவுவதே இப்படித்தான். ஒருவர் போட்டதை இன்னொருவர் ஆதாரம் கேட்காமல் தன் வம்சாவளி மரத்தில் ஒட்டிக்கொள்வார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். பிறகு யாராலும் திருத்த முடியாது. அதிலும் பிள்ளை இல்லாமல் இறந்தவரைத் தேடி வர ஒரு பேரனோ பேத்தியோ கிடையாது. அவரை எழுதிவைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

பெரியப்பாவோடு வாதாட வேண்டாம். அவருக்கு அது தன் அம்மாவைப் பற்றிய விஷயம், உங்களுக்கு அது தாத்தா காலத்துச் செய்தி. இருவரும் ஒரே தூரத்திலிருந்து பார்க்கவில்லை. தவிர, அந்தப் பெண்ணின் பெயர், அவருடைய அம்மா அப்பா யார், எப்படி இறந்தார் என்பதெல்லாம் தெரிந்த கடைசி ஆள் அவராகவே இருக்கலாம். “படத்தைப் பொதுவில் போடமாட்டேன், அவரைப் பற்றி எழுதி மட்டும் வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். வாய் திறக்க வாய்ப்பு உண்டு.

எப்படியும் உங்களுக்கு இரண்டு பிரதிகள் தேவைப்படும். ஒன்று வீட்டுக்கு, எல்லாம் உள்ளது. மற்றது வெளியே காட்ட. வெளிப்பிரதியில் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியோ முழுப்பெயரோ வரக்கூடாது. அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரைப் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்கும் வங்கிகள் உண்டு. அதை மரம் வரைந்து காட்டுவது திருடனுக்கு வழி சொல்வதுதான். வம்சாவளிக் கோப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மார்மன் திருச்சபை 1984-இல் ‘ஜெட்காம்’ (GEDCOM) என்ற கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கோப்பை ஏற்றுமதி செய்யும்போதே உயிரோடு இருப்பவர்களை விலக்கிவிடும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது.

“என் குடும்பம், நான் போடுகிறேன், யார் கேட்பது?” என்று சிலர் சொல்வார்கள். 2018-இல் கலிஃபோர்னியாவில் பல வருடங்களாகப் பிடிபடாமல் இருந்த ஒரு தொடர் கொலைகாரரைக் காவல்துறை பிடித்தது. அவர் எந்தத் தளத்திலும் தன் மரபணுவைப் பதிவு செய்யவில்லை. அவருடைய தூரத்து உறவினர்கள், மரபணுவை ஒப்பிட்டுச் சொந்தங்களைக் கண்டுபிடிக்க உதவும் ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் தங்களுடையதை ஏற்றியிருந்தார்கள். அங்கிருந்து தொடங்கி, வம்சாவளியை வரைந்தே அவரை அடைந்தார்கள். கொலைகாரர் மாட்டியது நல்லதுதான். ஆனால் யாரோ ஒரு உறவினர் பகிர்ந்தது, பகிராதவரையும் காட்டிக்கொடுத்தது என்பதும் அதில் இருக்கிறது.

இனி, பெயர் தெரியாத படங்கள். என்னைக் கேட்டால் உங்கள் அவசர வேலை இதுதான், இணையமெல்லாம் அப்புறம். இணையத்தில் போட்டால் தெரியாதவர்கள் நூறு பேர் ரசிப்பார்கள், முகத்தைத் தெரிந்தவர் ஒருவரும் அந்தப் பக்கம் வரமாட்டார். படங்களைப் பெரிதாக அச்சிட்டு வயதானவர்களின் கையில் கொடுங்கள். “இது யார்?” என்று கேட்டால் பலருக்குப் பரீட்சை எழுதுவது போலாகி, “ஞாபகம் இல்லையே” என்று முடித்துக்கொள்வார்கள். “இது யார் வீடு?”, “இந்த நாற்காலி எங்கே இருந்தது?” என்று ஆரம்பியுங்கள். பேச்சு பெயரில் வந்து நிற்கும். அதை அலைபேசியில் பதிவு செய்யுங்கள். அத்தை ஒரு பெயரும் பெரியப்பா வேறு பெயரும் சொன்னால் இரண்டையும், யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதோடு எழுதிவையுங்கள். நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அட்டையின் ஓரத்தை வெட்டாதீர்கள். ஸ்டூடியோவின் முத்திரை அங்கேதான் இருக்கும், பல நேரங்களில் காலத்தைச் சொல்வதும் அதுதான். பெயரை எழுத மென்மையான பென்சில் போதும். பந்துமுனைப் பேனாவில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை வண்ணப் படங்கள். கறுப்பு வெள்ளைதான் பழசு, அதுதான் முதலில் போய்விடும் என்று நினைப்போம். உண்மையில் ஸ்டூடியோவில் உருவாக்கும்போதே நன்றாகக் கழுவப்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்தில் உள்ள வெள்ளித் துகள்கள் நெடுநாள் தாங்கும். 1960, 70-களின் வண்ணப் படங்களில் உள்ள சாயமோ இருட்டில் பூட்டிவைத்தாலும் மங்கும். சின்னப் படங்களை 600 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) குறையாமல் எடுத்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். செயலியில் வண்ணம் பூசிப் பார்ப்பது உங்கள் விருப்பம், ஆனால் அந்தப் புடவையின் நிறம் கணினியின் ஊகம் என்று கீழே எழுதிவிடுங்கள்.

தம்பியிடம் ஆல்பத்தைப் பிரிக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஒரே பக்கத்தில் ஒட்டியிருக்கும் நான்கு படங்களில் ஒன்றின் காலம் தெரிந்தால் மற்ற மூன்றுக்கும் ஓரளவு ஊகிக்கலாம். உருவி எடுத்தால் அந்த வரிசை போய்விடும். பசைப் பக்கமும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் உள்ள வகை ஆல்பமாக இருந்தால் மட்டும் படங்களை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும், அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். அதற்கும் முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படம் பிடித்துவிடுங்கள். ஒட்டிக்கொண்ட படத்தைக் கையால் பிய்க்காமல், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலை அடியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். தம்பிக்கு முழு செட் நல்ல பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதும், தாத்தாவும் முதல் மனைவியும் நிற்கும் படத்தையும் சேர்த்து.