அமெரிக்காவில் இன்சூரன்ஸ் ஏறுவதற்குக் குடியேறிகள்தான் காரணமா?

"சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு இலவச வைத்தியம் பார்ப்பதால்தான் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இவ்வளவு ஏறிவிட்டது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மை இல்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்களின் கோபம் உண்மையானது. டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் 14 வருடமாக இருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

நிறுவனம் வழியாகக் குடும்பத்துக்கு எடுக்கும் மருத்துவ இன்சூரன்ஸின் சராசரி பிரீமியம் 2025-இல் வருடத்துக்கு 26,993 டாலர் என்று கே.எஃப்.எஃப். என்ற ஆய்வு அமைப்பு கணக்கெடுத்தது. அதில் ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது சராசரியாக 6,850 டாலர். மீதியை நிறுவனம் கட்டுகிறது. சம்பள உயர்வாக நம் கைக்கு வந்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதி அங்கேதான் போகிறது. இவ்வளவும் கட்டிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், முதல் சில ஆயிரம் டாலரை நாமே கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் டிடக்டிபிள். எங்கள் வீட்டுக்கு அது 5,000 டாலர்.

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, என் மகன் பூங்காவில் கம்பியிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டான். எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதிவு செய்யும் இடத்தில் பெயர், பிறந்த தேதி, இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் கேட்டுவிட்டு, "அமெரிக்கக் குடிமகனா, சட்டப்படி இங்கே இருப்பவரா?" என்றும் கேட்டார்கள். என்ன பதில் சொன்னாலும் சிகிச்சை மாறாது என்றார் அங்கே இருந்த பெண். டெக்சாஸ் கவர்னர் கிரெக் ஆபட் 2024 ஆகஸ்டில் போட்ட ஆணை அது. சட்டப்படி இல்லாதவர்களுக்கு ஆகும் செலவை ஆஸ்பத்திரிகள் கணக்கெடுத்து மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று, நவம்பர் 1-இலிருந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். தார் ஒட்டிய பூட்ஸ், கையைச் சுற்றித் துண்டு, துண்டில் ரத்தம். ஆணி அடிக்கும் துப்பாக்கி பட்டுவிட்டது என்று அவருடைய மகள் சொன்னாள். பத்து வயதுகூட இருக்காது, அவள்தான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தாள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து மடித்த நூறு டாலர் தாள்களை எடுத்து மேஜை மேல் வைத்து, எவ்வளவு ஆகும் என்று மகளைக் கேட்கச் சொன்னார். இப்போது சொல்ல முடியாது, பில் பிறகு வரும் என்றார்கள். எனக்கும் அதே பதில்தான். மூன்று வாரம் கழித்து வந்த பில் 8,412 டாலர். இன்சூரன்ஸ் கம்பெனி பேசிக் குறைத்தது போக நான் கட்டியது 3,160.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும், பணமோ விசாவோ பார்க்காமல் பரிசோதித்து, நிலைமை சீராகும்வரை சிகிச்சை தர வேண்டும் என்ற சட்டத்தில் 1986-இல் கையெழுத்திட்டவர் அப்போதைய அதிபர் ரீகன். அந்தச் சட்டப்படி சிகிச்சையை மறுக்கக் கூடாது, அவ்வளவுதான். பில் வரத்தான் செய்யும். வேலை வழியாக இன்சூரன்ஸ் கிடைக்காதவர்கள் தாங்களே வாங்குவதற்கு, ஒபாமாவின் 2010 சட்டப்படி உருவான அரசுச் சந்தை ஒன்று இருக்கிறது. அதில் ஆவணம் இல்லாதவர் சொந்தக் காசைக் கொடுத்தாலும் இன்சூரன்ஸ் வாங்க முடியாது. ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்டிலும் மத்திய அரசின் பணத்தில் அவரைச் சேர்க்க முடியாது. பிரசவம், விபத்து போன்ற அவசரச் செலவை மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஈடு செய்கிறார்கள். அது மொத்த மெடிக்கெய்ட் செலவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கிரீன் கார்டு வாங்கியவர்களில்கூடப் பெரும்பாலானோர் மெடிக்கெய்டுக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அது கிளிண்டன் காலத்துச் சட்டம், 1996.

செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பில் கட்டாமல் போகிறவர்கள் உண்டு, மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு நம் சொத்து வரியிலிருந்தும் பணம் போகிறது. சில மாநிலங்கள் தங்கள் பணத்தில் ஆவணம் இல்லாதவர்களுக்கும் காப்பீடு கொடுத்துப் பார்த்துவிட்டு, செலவு தாங்காமல் பின்வாங்கியதும் உண்மை. கலிஃபோர்னியாவும் இல்லினாயும் அப்படித்தான். ஆனால் அமெரிக்கா 2023-இல் மருத்துவத்துக்குச் செலவழித்தது 4.9 லட்சம் கோடி டாலர், தலைக்கு 14,570. இவ்வளவு பெரிய தொகை, ஆணி குத்தி எமர்ஜென்சிக்கு வருகிற கூலித் தொழிலாளியால் ஏறியிருக்க முடியாது. அதே ஸ்கேனுக்கும் அதே பிராண்ட் மாத்திரைக்கும் மற்ற பணக்கார நாடுகளைவிட இங்கே விலை மிக அதிகம். ஆஸ்பத்திரிகள் ஒன்றை ஒன்று வாங்கிப் பெரிதாகி, பல ஊர்களில் போட்டியே இல்லாமல் செய்துவிட்டன. விலை என்ன என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது கஷ்டம். என் கோபம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று: ஆவணம் இல்லாதவர்கள் 2022-இல் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்று ஐடெப் என்ற வரி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதில் 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்குப் போனது மட்டும் 640 கோடி. அந்த மெடிகேர் அவர்களுக்குக் கிடைக்காது.

பிறகு ஏன் இந்தப் பேச்சு நிற்கவில்லை? 2009 செப்டம்பரில், தன் திட்டம் சட்டவிரோதமாக இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்று ஒபாமா நாடாளுமன்றத்தில் சொன்னபோது, தென் கரோலினா உறுப்பினர் ஜோ வில்சன் "பொய் சொல்கிறீர்கள்" என்று நடுவில் கத்தினார். 2025 அக்டோபர் 1-இலிருந்து, செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் அரசாங்கம் 43 நாள் முடங்கியபோதும் அதே வாதம்தான். சந்தையில் இன்சூரன்ஸ் வாங்குபவர்களுக்கு 2021-இலிருந்து கிடைத்த கூடுதல் மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியினர் கேட்டார்கள். சட்டவிரோதக் குடியேறிகளுக்கு இலவச வைத்தியம் கேட்கிறார்கள் என்று குடியரசுக் கட்சியினர் பதில் சொன்னார்கள். டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்தக் கூடுதல் மானியம் போய்விட்டது.

நம்மவர்களும் வாட்ஸ்அப் குழுவில் "நாம் வரிசையில் நின்று வந்தவர்கள், அவர்கள் வேறு" என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம், 2027-இலிருந்து அந்தச் சந்தையின் மானியத்தை வேலைக்காக வந்த எச்1பி விசாக்காரர்களுக்கும் நிறுத்துகிறது. அகதியாக முறைப்படி ஏற்கப்பட்டவர்களுக்கும் கிடையாது. வேலை போனால் எச்1பிக்காரருக்கு வேறு வேலை தேட இருப்பது 60 நாள், இன்சூரன்ஸும் அந்த வேலையோடு ஒட்டியதுதான். வரிசையில் நின்று வந்தது அங்கே உதவப் போவதில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு 61 வயது. நல்ல மனிதர், என் மகனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். குடியேறிகளால்தான் எல்லாம் ஏறுகிறது என்று அவரும் உறுதியாக நம்புகிறார். போன வசந்தத்தில் ஆலங்கட்டி மழை எங்கள் இரண்டு வீட்டுக் கூரையையும் நாசம் செய்தது. இங்கே வீட்டு இன்சூரன்ஸ் ஏறுவதற்கு அந்த மழை ஒரு பெரிய காரணம். இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் ஏறி, அடிபட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். கூரை மாற்ற வந்த எட்டுப் பேரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். காலை ஆறரைக்கு ஏறி இருட்டும்போது இறங்கினார்கள். அவர்களுக்கு ஐஸ் பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில் வாங்கி வைத்தவர் இதே பக்கத்து வீட்டுக்காரர்தான்.

2026 ஜனவரியில் அவர் தன் இன்சூரன்ஸ் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவன் மனைவி இருவருக்கும் மாதம் 610 டாலர் கட்டிக்கொண்டிருந்தவர்கள், மானியம் போனதும் 2,140 கட்ட வேண்டும். சமையலறை மேஜையில் கடிதத்தை விரித்து வைத்து இருவரும் வரி வரியாகப் படித்தோம். மானியம் இருந்த கட்டத்தில் இப்போது பூஜ்யம். நான் மேலே எழுதியதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. மனைவிக்குச் சர்க்கரை இருப்பதால் அவருக்கு மட்டும் இன்சூரன்ஸை வைத்துக்கொண்டு தன்னுடையதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கு மெடிகேர் கிடைக்க இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.